பேச்சுப் பயிற்சி முடிந்த பின் குழந்தைக்குத் திக்கல் திரும்பாமல் காத்தல்: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திக்கலுக்கான பேச்சுப் பயிற்சி நன்றாக நடந்து, "இனி வாரம்தோறும் வர வேண்டாம்" என்று பயிற்சியாளர் சொல்லும் நாளை ஒட்டி வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதே இங்கே சொல்லப்படுகிறது. சேலத்திலிருந்தும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்தும் வரும் குடும்பங்களோடு பேச்சுப் பயிற்சியாளராக வேலை செய்ததில் நான் கண்டது ஒன்று உண்டு. திக்கல் திரும்பிய வீடுகளில் பெரும்பாலானவற்றில் பயிற்சி தவறாகச் செய்யப்படவில்லை; சரியாகச் செய்யப்பட்டு, குழந்தை சரளமாகப் பேசத் தொடங்கிய வாரத்திலேயே மொத்தமாக நிறுத்தப்பட்டிருந்தது.

சிறு குழந்தைகளின் திக்கல் மரபோடும், மூளையில் பேச்சுக்கான பகுதிகள் வளரும் விதத்தோடும் தொடர்புடையது, வளர்ப்பினால் வருவதன்று. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கி, பெரும்பாலான குழந்தைகளுக்கு நின்றும் விடுகிறது. எந்தக் குழந்தைக்கு நிற்கும், எதற்கு நிலைக்கும் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல இயலாது என்பதுதான் சிக்கல். ஆண் குழந்தைகளுக்கும், குடும்பத்தில் நிலைத்த திக்கல் உள்ளவர்களின் பிள்ளைகளுக்கும் அது நிலைக்கும் வாய்ப்பு கூடுதல். பயிற்சிக்குப் பின் ஈராண்டுக்கும் மேல் சரளமாகப் பேசிய சில குழந்தைகளுக்குக்கூடத் திக்கல் திரும்பியிருப்பதை நீண்ட காலத் தொடர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே மூன்று மாதம் திக்கவில்லை என்பது நல்ல செய்தியே தவிர, வேலை முடிந்ததற்கான சான்று அன்று.

கீழே வரும் படிகளில் பல, ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உருவான லிட்கம்ப் முறையைத் தழுவியவை. பெற்றோரே வீட்டில் நடத்தும் முறை அது. உங்கள் குழந்தை வேறு முறையில் பயிற்சி பெற்றிருந்தால், 4ஆம் பகுதியில் உள்ள பாராட்டுச் சொற்களையும் திருத்தச் சொற்களையும் உங்கள் பயிற்சியாளரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். இரண்டு முறைகளைக் கலந்து செய்தால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

1. பயிற்சி முடிவதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டியவை

கடைசிச் சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். வாராந்திரப் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே கீழ்க்கண்டவை உங்கள் கையில் இருக்க வேண்டும். பிறகு கேட்டால், பயிற்சியாளருக்கு உங்கள் குழந்தையின் பேச்சு நினைவில் மங்கியிருக்கும்.

முதலாவது, இரண்டு ஒலிப்பதிவுகள். பயிற்சி தொடங்கிய காலத்தில் குழந்தை பேசியது ஒன்று, இப்போது பேசுவது ஒன்று. ஒவ்வொன்றும் பத்து நிமிடம் இருந்தால் போதும். ஆறு மாதம் கழித்து "முன்பும் இப்படித்தானே பேசினான்" என்று வீட்டில் வாக்குவாதம் எழும்போது, நினைவை நம்பாமல் காதை நம்பலாம்.

இரண்டாவது, குறைப்புத் திட்டம், அதாவது பயிற்சியைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டம். அடுத்த சந்திப்பு எப்போது, அதற்குள் வீட்டுப் பயிற்சி வாரத்தில் எத்தனை நாள், எந்த நிலை வந்தால் உடனே அழைக்க வேண்டும் என்பதைத் தமிழில், ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். வாயால் கேட்ட அறிவுரை வீடு போய்ச் சேர்வதற்குள் பாதியாகிவிடும். குழந்தையோடு வந்தவர் அம்மாவாகவும், கேட்டு நடக்க வேண்டியவர்கள் வீட்டில் நால்வராகவும் இருக்கும்போது எழுத்து மிக அவசியம்.

மூன்றாவது, பொறுப்பாளர் ஒருவர். நாள்தோறும் திக்கலுக்கு மதிப்பெண் எழுதுவதும் (2ஆம் பகுதி) பயிற்சியாளரோடு பேசுவதும் ஒருவருடைய வேலையாக இருக்கட்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்ற வீடுகளில் யாரும் பார்ப்பதில்லை.

2. ஒவ்வொரு நாளும் மதிப்பெண் இடுதல்

இவ்வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் பின்பற்ற உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

இரவில் குழந்தை தூங்கிய பின், அன்றைய பேச்சு முழுவதையும் நினைத்து 0 முதல் 9 வரை ஓர் எண் எழுத வேண்டும். 0 என்றால் அன்று திக்கலே இல்லை. 1 என்றால் மிகமிக லேசான திக்கல். 9 என்றால் மிகக் கடுமையான திக்கல். வேறெதுவும் எழுதாவிட்டாலும் பாதகமில்லை. காய்ச்சல், விருந்தாளி, ஊர்ப்பயணம் என ஒரு சொல் பக்கத்தில் சேர்த்தால், மாதக் கடைசியில் அது நிறையப் பேசும்.

எதைத் திக்கல் என்று கணக்கிடுவது என்பதில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். "ப-ப-ப-பாட்டி" என்று ஒலியோ அசையோ திரும்பத் திரும்ப வருவது, "ம்ம்ம்ம்மாமா" என்று ஒலி இழுபடுவது, வாய் அசைவுக்குத் தயாராகியும் குரல் எழாமல் நிற்பது ஆகிய மூன்றும் திக்கல். "அப்புறம்... அப்புறம் வந்து..." என்று யோசித்துப் பேசுவதும், சொல்ல வந்ததை மாற்றி வேறு விதமாகத் தொடங்குவதும் எல்லாச் சிறு குழந்தைகளுக்கும் உள்ளவை. ஆனால் முழுச் சொல்லே ஆனாலும் நான்கைந்து முறை இறுக்கத்தோடு வந்தால் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மிகப் பரவலான தவறு, குழந்தையை ரைம்ஸ் சொல்லச் சொல்லிச் சோதிப்பது. பாடும்போதும், மனப்பாடமாக ஒப்பிக்கும்போதும், மற்றவர்களோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் திக்கல் பெரும்பாலும் குறைந்துவிடும் அல்லது மறைந்துவிடும். கடுமையாகத் திக்கும் பிள்ளைகூட யூகேஜி ஆண்டு விழா மேடையில் பாட்டைத் தடங்கலின்றிப் பாடிவிட்டு வருவது உண்டு. ஆகவே ஒப்பித்தலை வைத்து 0 போடக் கூடாது. தானாக யோசித்து, நீளமாக, ஆர்வத்தோடு பேசும் பேச்சுதான் அளவுகோல்: பள்ளி வேனில் நடந்த சண்டையைச் சொல்வது, ஏதோ ஒன்று ஏன் வேண்டும் என்று வாதாடுவது, பார்த்த கார்ட்டூன் கதையை விவரிப்பது.

இன்னொரு தவறு, அன்றைய மிக மோசமான ஒரு நிமிடத்தை வைத்து மதிப்பெண் போடுவது. இதற்கு நேர்மாறாக, காலை ஒன்பது மணிக்குப் பிறகு குழந்தையைப் பார்க்காத அப்பா காலையை மட்டும் வைத்து எழுதுவதும் உண்டு. எண் அந்த நாளின் பொதுவான நிலையைச் சொல்ல வேண்டும். சந்திப்பின்போது ஒரே பேச்சுக்குப் பயிற்சியாளரும் நீங்களும் தனித்தனியாக எண் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எண் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. இரண்டுக்கு மேல் போனால், இருவர் காதும் ஒத்து வரும் வரை சேர்ந்து கேட்டுப் பழக வேண்டும்.

சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரில் எழுத வேண்டாம். எண் தெரிந்த குழந்தை "எனக்கு ஏன் இன்னைக்கு 3?" என்று கேட்கும், வந்துபோகும் உறவினர் அதற்கு மேலும் கேட்பார்கள். பீரோவில் வைக்கும் ஒரு சிறு நோட்டு போதும். கைப்பேசிச் செயலி எதுவும் தேவையில்லை.

3. வீட்டுப் பெரியவர்களை ஒரு வழிக்குக் கொண்டுவருதல்

பயிற்சியைக் குறைக்கத் தொடங்கும் முன் இது முடிந்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை பயிற்சியாளரைப் பார்த்த காலத்தில், வீட்டில் யாராவது தவறாகத் திருத்தினாலும் அடுத்த வாரமே அது வெளியே வந்துவிடும். இடைவெளி நீண்ட பின் அந்தப் பாதுகாப்பு இருக்காது.

குழந்தை ஒரு சொல்லில் இடறியவுடன் அப்பாயி "மெதுவாப் பேசு கண்ணு, மூச்சு இழுத்துட்டுப் பேசு" என்பார். மாமா சொல்லை முடித்துக் கொடுப்பார். அண்ணன் அப்படியே பேசிக் காட்டிச் சிரிப்பான். முதல் இரண்டும் அன்பினால் செய்யப்படுபவை. ஆனாலும் எந்தப் பேச்சுக்கு, எந்த நேரத்தில், எந்தத் தொனியில் கருத்துச் சொல்வது என்பதே பயிற்சியின் மையம் ஆதலால், பழகாதவர் சொல்லும் திருத்தம் குழந்தைக்குக் கண்டிப்பாக மட்டுமே கேட்கும். அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முகத்தைப் பார்த்து, குழந்தை சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து, சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்வது.

மாமியாரிடம் "அத்தை, அப்படிச் சொல்லாதீங்க" என்று மருமகள் சொல்லி வெற்றி பெற்ற வீடுகளை நான் அதிகம் பார்த்ததில்லை. பெரியவரை ஒரு சந்திப்புக்கு நேரில் அழைத்து வருவதே குறுக்கு வழி. பயிற்சியாளர் சொன்னால் கேட்பார். அதோடு, தானே அரை மணி நேரம் குழந்தையோடு பேசிக் காட்டும்போது, காத்திருந்து கேட்பதன் பலனை நேரில் காண்பார்.

அண்ணன், அக்காள் கேலி செய்வதற்கும் வீட்டுச் செல்லப் பெயர்களுக்கும் இதே வாரத்தில் முடிவு கட்டுங்கள். "திக்குவாயன்" என்ற சொல் விளையாட்டாகக்கூட வீட்டில் புழங்கக் கூடாது. நாக்கில் வசம்பைத் தேய்ப்பது, கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொல்வது ஆகியவற்றால் திக்கல் நிற்பதில்லை. சிறு குழந்தையின் வாயில் கல் மூச்சுக்குழலை அடைக்கும் ஆபத்து. நாக்கின் அடியில் உள்ள தசையை வெட்டினால் திக்கல் போகும் என்பதும் தவறான நம்பிக்கையே.

4. பயிற்சியைக் குறைக்கும் வரிசை

தொடங்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. லிட்கம்ப் முறையில், தொடர்ந்து மூன்று வாரம் எல்லா நாளும் மதிப்பெண் 0 அல்லது 1 ஆக இருந்து, ஒவ்வொரு வாரத்திலும் குறைந்தது நான்கு நாள் 0 ஆகவும் இருந்தால்தான் இரண்டாம் கட்டம் எனப்படும் குறைப்புக் கட்டம் தொடங்கும். "கிட்டத்தட்ட நின்றுவிட்டது" என்ற நிலையில் தொடங்குவது மிகப் பெரிய பிழை. 2-க்கும் 3-க்கும் இடையே இருக்கும் குழந்தையின் பயிற்சியைக் குறைத்தால், திக்கல் ஏறுவதற்கு ஏற்கெனவே இருக்கும் இடத்தை இன்னும் அகலப்படுத்தியதாகும்.

சந்திப்புகளின் வழக்கமான இடைவெளி இது: இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக இரு சந்திப்புகள், நான்கு வாரத்துக்கு ஒருமுறையாக இரண்டு, எட்டு வாரத்துக்கு ஒருமுறையாக இரண்டு, பிறகு பதினாறு வாரம் கழித்து ஒன்று. தடையின்றி நடந்தாலே 44 வாரங்கள், அதாவது ஏறக்குறைய ஒரு பள்ளி ஆண்டு ஆகிறது. ஒரு சந்திப்பில் மதிப்பெண் நிபந்தனையை எட்டவில்லை என்றால் அடுத்த இடைவெளிக்குப் போகாமல் அங்கேயே நிற்க வேண்டும். தேவையானால் ஒரு படி பின்னால் வர வேண்டும். பின்னால் வருவதைத் தோல்வியாகக் கருதிப் பயிற்சியாளரிடம் மறைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். நோட்டில் எண்ணைத் திருத்தி எழுதி வருவதும் நடக்கிறது. அதனால் இழப்பு குழந்தைக்குத்தான்.

வீட்டில் குறைக்கும் வரிசையாக நான் சொல்வது இதுதான். முதலில், தினமும் உட்கார்ந்து செய்த 10 முதல் 15 நிமிடப் பயிற்சி நேரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்குங்கள். பிறகு வாரம் இருமுறை ஆக்குங்கள். இந்தக் காலத்தில், நாள் முழுவதும் இயல்பாகப் பேசும்போது இடையிடையே சொல்லும் பாராட்டைக் குறைக்காதீர்கள். பயிற்சி நேரம் முழுவதும் நின்று சில வாரம் நிலையாக இருந்த பின்னரே, பாராட்டையும் மெல்லக் குறைக்கலாம். மதிப்பெண் எழுதுவதைக் கடைசியாகத்தான் விட வேண்டும். இந்த வரிசைக்குக் காரணம் எளிது: உட்கார்ந்து செய்யும் பயிற்சி செயற்கையான சூழல், குழந்தைக்குச் சரளம் தேவைப்படுவது இயல்பான பேச்சில். ஆகவே இயல்பான பேச்சோடு ஒட்டிய துணையைக் கடைசிவரை வைத்திருக்கிறோம். அளவுகோல் இல்லாமல் போனால் எதுவும் தெரியாது என்பதால் அது எல்லாவற்றுக்கும் பிறகு போகிறது.

ஒரே வாரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்யாதீர்கள். பயிற்சி நாளையும் குறைத்து, பாராட்டையும் குறைத்து, அதே வாரத்தில் குழந்தையை டியூஷனிலும் சேர்த்தால், மதிப்பெண் ஏறும்போது எதைத் திரும்ப வைப்பது என்று தெரியாது.

பாராட்டுவதிலும் பிழைகள் உண்டு. "தடங்கலே இல்லாம அழகாச் சொன்னே தம்பி", "இந்தக் கதை வழவழன்னு வந்துச்சு", "இப்பச் சொன்னது எப்படி இருந்துச்சு?" என்பவை நல்ல வடிவங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "சூப்பர், சூப்பர்" என்றால், குழந்தைக்கு அது காதில் விழாத இரைச்சலாகிவிடும்; சில குழந்தைகள் எரிச்சலடைந்து பேச்சையே நிறுத்துகிறார்கள். திக்கிய சொல்லைச் சுட்டுவதானால், "இது கொஞ்சம் இடறுச்சு, இன்னொரு தடவை சொல்றியா?" என்று இதமாக, மிக அரிதாக மட்டும் கேட்க வேண்டும். சரளமான பேச்சைப் பாராட்டியது பலமுறை என்றால்தான், திக்கலைச் சுட்டுவது ஒருமுறை. அயலார் முன்னிலையிலும், குழந்தை அழும்போதும், கோபத்தில் இருக்கும்போதும் ஒருபோதும் சுட்டாதீர்கள்.

5. திக்கல் ஏறக்கூடிய நாட்களை முன்கூட்டியே குறித்தல்

திக்கல் இயல்பாகவே ஏறி இறங்கும் தன்மை உடையது. பரபரப்பு, தூக்கக் குறைவு, உடல்நலக் குறைவு, பேச்சுக்குப் போட்டி ஆகியவை அதைத் தோற்றுவிப்பதில்லை. ஆனால் இருப்பதை வெளியே காட்டும். ஆகவே வரப்போகும் ஆறு மாதத்தில் அத்தகைய நாட்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு இரண்டு வாரம் முன்னும் பின்னும் எதையும் குறைக்காமல் இருப்பது நல்லது.

சேலத்துக் குடும்பங்களுக்கு ஜூனில் பள்ளி திறப்பது முதல் குறி. அடுத்து ஆடி மாதம்: கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வீடு நிறைய உறவினர் வருவார்கள், குழந்தை நள்ளிரவு வரை விழித்திருக்கும், "மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லு, ஸ்கூல் பேரு சொல்லு" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். கொலுசுப் பட்டறை வீடுகளில் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் அப்படிப்பட்டவை. வேலை நெருக்கடியில் குழந்தையோடு பேச யாருக்கும் நேரம் இருக்காது. ஏற்காட்டில் மே மாதக் கோடை விழாக் கூட்டமும், நவம்பரில் தொடங்கும் காபி அறுவடையும் குறிக்கத் தக்கவை. பழம் பறிக்கும் காலத்தில் அம்மாவும் அப்பாவும் விடியலிலேயே தோட்டத்துக்குப் போய்விடுவதால், காலை நேரப் பயிற்சி சொல்லாமலே நின்றுவிடுகிறது. அதை அறுவடைக்கு முன்பே மாலைக்கு மாற்றி வையுங்கள்.

தம்பி அல்லது தங்கை பிறப்பது, வீடு மாறுவது, வளர்த்த பாட்டி ஊருக்குப் போய்விடுவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகள் முன் ஒப்பிக்கச் சொல்வதை இந்த ஓர் ஆண்டுக்கு முற்றிலும் விட்டுவிடலாம். அதனால் எந்த நட்டமும் இல்லை.

6. வீட்டுப் பேச்சின் வேகமும் இடைவெளியும்

குழந்தையிடம் "மெதுவாகப் பேசு" என்பதற்குப் பதிலாக, நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். குழந்தை முடித்த பின் ஒரு நொடி நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள். அடுக்கடுக்காகக் கேள்வி கேட்பதைக் குறைத்து, நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். "இன்னைக்கு என்ன படிச்சே? யாரு பக்கத்துல உக்காந்தே? சாப்பிட்டியா?" என்பதை விட, "உன் டிபன் பாக்ஸ் காலியா இருக்கே" என்ற ஒரு வாக்கியம் அதிகப் பேச்சைத் தானாகவே வரவழைக்கும்.

அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கத்து விசைத்தறி வீடுகளில் ஒரு தனிச் சிரமம் உண்டு. தறி ஓடும்போது எல்லோரும் உரக்கவும் விரைவாகவும்தான் பேச முடியும். குழந்தையும் அப்படியே பேசும். தறிச்சத்தத்தில் கேட்ட பேச்சுக்கு மதிப்பெண் போடாதீர்கள், பயிற்சியும் செய்யாதீர்கள். மின்தடை நேரமோ, மாடியோ, தெருத்திண்ணையோ எது அமைகிறதோ அங்கே தினமும் ஐந்து நிமிடம் குழந்தையோடு தனியாக இருங்கள். என்ன விளையாடுவது என்பதைக் குழந்தை தீர்மானிக்கட்டும். கைப்பேசி உள்ளேயே இருக்கட்டும்.

வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிராவோ கன்னடமோ பேசினால், பள்ளிக்காக அதை நிறுத்த வேண்டியதில்லை. இரு மொழி பேசுவதால் திக்கல் வருவதில்லை. ஆனால் இரு மொழியிலும் தனித்தனியாகக் கவனித்துப் பாருங்கள். ஒன்றில் 0 ஆகவும் மற்றொன்றில் 2 ஆகவும் இருக்கக்கூடும்.

7. பள்ளியில் சொல்ல வேண்டியதும் கேட்க வேண்டியதும்

ஜூன் முதல் வாரத்திலேயே, குழந்தை பக்கத்தில் இல்லாதபோது வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள். அங்கன்வாடிப் பணியாளரானாலும் இதே முறைதான். "திக்கல் இருந்தது, பயிற்சியில் சரியாகியிருக்கிறது, திரும்பக்கூடும்" என்ற மூன்று செய்திகள் போதும். திருத்த வேண்டாம், சொல்லை முடித்துக் கொடுக்க வேண்டாம், கேலி நடந்தால் உடனே நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பேசுவதிலிருந்து குழந்தைக்கு முழு விலக்கு கேட்காதீர்கள். விலக்கு கிடைத்த குழந்தை, தான் பேசக் கூடாதவன் என்று கற்றுக்கொள்கிறது. மாதம் ஒருமுறை ஆசிரியரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "வகுப்பில் தானாகக் கை தூக்கிப் பேசுகிறானா?" திக்குகிறானா என்று கேட்டால், முப்பது பிள்ளைகளைப் பார்க்கும் ஆசிரியர் இல்லை என்றுதான் சொல்வார்.

8. திக்காமல் இருப்பதுபோல் தெரியும் திக்கல்

ஐந்து வயதுக் குழந்தைக்கே திக்கலை மறைக்கத் தெரியும். சொல்ல வந்த சொல்லை விட்டு வேறு சொல்லைப் பயன்படுத்துவது, தெரிந்ததற்கும் "தெரியல" என்பது, கையால் சுட்டிக் காட்டுவது, பெயரைக் கேட்டால் அம்மாவின் பின்னால் ஒளிவது, முன்பு வாயாடிய பிள்ளை திடீரென்று அடக்கமாகிவிடுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். மதிப்பெண் 0 ஆக இருந்து பேச்சின் அளவும் குறைந்திருந்தால், அந்த 0-வை நம்பாதீர்கள். பையன் பக்குவப்பட்டுவிட்டான் என்று வீட்டார் மகிழ்ந்த சில இடங்களில் நான் கண்டது இதைத்தான். இது தெரிந்தால் காத்திருக்காமல் பயிற்சியாளரை அழைப்பதே சரி.

9. மதிப்பெண் ஏறினால் செய்ய வேண்டியவை

ஒருநாள் 3 வந்தால் அது நிகழ்வு. ஒரு வாரத்தில் மூன்று நாள் 2 அல்லது அதற்கு மேல் வந்தால் அது போக்கு. நான் குடும்பங்களுக்குக் கொடுக்கும் எல்லைக்கோடு இதுதான். உங்கள் பயிற்சியாளர் வேறு கோடு வகுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். கோட்டை முன்கூட்டியே வகுப்பதற்குக் காரணம் உண்டு: ஏற்றம் வந்த பிறகு முடிவெடுக்க உட்கார்ந்தால், பயந்தவர் மிகையாகவும் களைத்தவர் குறைவாகவும் செய்வார்.

முதல் நாள் எதையும் மாற்ற வேண்டாம். எண்ணை எழுதுங்கள், காய்ச்சல், சளி, தூக்கம் ஆகியவற்றைப் பாருங்கள், குழந்தைக்குத் தெரியாமல் ஐந்து நிமிடம் ஒலிப்பதிவு செய்யுங்கள். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?" என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது.

போக்கு என்று உறுதியானால், கடைசியாக எதைக் குறைத்தீர்களோ அதைத் திரும்ப வையுங்கள். பயிற்சி நேரத்தை வாரம் இருமுறை ஆக்கியிருந்தால், ஒருநாள் விட்டு ஒருநாளுக்குத் திரும்புங்கள். பாராட்டைக் குறைத்திருந்தால், மீண்டும் கூட்டுங்கள். உடனே முதலிலிருந்து எல்லாவற்றையும் தொடங்குவது வேண்டாம். பெரும்பாலும் ஒரு படி பின்வாங்கினாலே போதுமானதாக இருக்கிறது. ஒரு வாரத்தில் எண் இறங்காவிட்டால், அடுத்த சந்திப்புத் தேதி வரை பொறுக்காமல் அழையுங்கள்.

குரல் எழாமல் நிற்பது, கண்ணை இறுக மூடுவது, தலையையோ காலையோ அசைத்துச் சொல்லைத் தள்ளுவது, "என்னால சொல்ல முடியல" என்று குழந்தையே அழுவது ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால், ஒரு வாரக் கணக்கும் வேண்டாம். அன்றே அழைக்க வேண்டும்.

முதன்முறை திக்கல் வந்தபோது சில மாதம் காத்திருந்து பார்ப்பதில் நியாயம் இருக்கலாம். பயிற்சிக்குப் பின் திரும்பும்போது அந்த நியாயம் செல்லாது. குழந்தைக்கு இப்போது பள்ளி இருக்கிறது, தோழர்கள் இருக்கிறார்கள், தன் பேச்சைப் பற்றிய உணர்வும் இருக்கிறது.

10. நேரில் வர முடியாதவர்களுக்கும், பயிற்சியாளர் மாறினால் செய்ய வேண்டியதும்

மலைக் கிராமத்திலிருந்து பேருந்து பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வருவதற்கே ஒருநாள் கூலி போய்விடும் என்பது உண்மை. அதற்காகச் சந்திப்பை விட்டுவிடாதீர்கள். லிட்கம்ப் முறையை வீடியோ அழைப்பில் நடத்தினாலும் பலன் குறைவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. சிக்னல் கிடைக்காத இடமானால், ஒலிப்பதிவையும் நோட்டுப் பக்கத்தின் படத்தையும் ஏற்காடு டவுனுக்கு வரும்போது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, தொலைபேசியில் பேசலாம். இதைக் கடைசி நேரச் சலுகையாகக் கேட்காமல், 1ஆம் பகுதியில் சொன்ன தாளிலேயே எழுதி வாங்குங்கள்.

புதிய பயிற்சியாளரைத் தேட நேர்ந்தால், பேச்சுப் பயிற்சியாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் அவருக்கு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். "ஒரு மாதத்தில் திக்குவாய் முழுக் குணம்" என்று விளம்பரம் செய்பவரிடம் போக வேண்டாம். அரசு வழியில், அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் நடமாடும் பரிசோதனைக் குழுவிடம் சொன்னால், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். 2013இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இது பிறப்பு முதல் 18 வயது வரை கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதற்கு மேல் தேவைப்பட்டால் சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலும் மைசூருவிலும் மத்திய அரசின் நிறுவனங்கள் இருக்கின்றன.

புதியவரிடம் போகும்போது, இரண்டு ஒலிப்பதிவுகளையும் மதிப்பெண் நோட்டையும் கொண்டு செல்லுங்கள். 16 வார இடைவெளியிலும் எண் 0, 1 என்றே நின்ற பின் தினசரி எழுதுவதை நிறுத்தி, மாதத்தில் ஒரு வாரம் மட்டும் எழுதலாம். அதையும் குழந்தை இரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை தொடருங்கள். நோட்டையும் ஒலிப்பதிவுகளையும் அதற்குப் பின்னும் அழிக்க வேண்டாம்.